படிக்கும்போது கூடிய சத்தம்

நீளமான இழை. வேலை முடிஞ்சு வந்து, கை கால் கழுவி, உட்கார்ந்து நிதானமா வாசிங்க.

விஸ்வநத்தம் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்குச் சத்தத்தைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. எது சரவெடி, எது அணுகுண்டு, எது நமுத்துப்போன மருந்து என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவீர்கள். வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்ற விதிகூட இங்கே பலருக்கு மனப்பாடம்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது வேறு மாதிரி சத்தம். ஏறக்குறைய 100 வருஷத்துக்கு முன்னால் ஒரு மாலுமி தன் பின்மண்டைக்குள் கேட்ட சத்தம். அவருக்குத் தலைவலி இருந்தது, பார்வை குறைந்துகொண்டே வந்தது. நாடி அடிக்க அடிக்க உஸ் உஸ் என்று பின்மண்டையில் ஒரு இரைச்சல். இதையெல்லாம் டாக்டர்களிடம் சொன்னார். கூடவே போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். கண்ணுக்கு வேலை கொடுத்தால் அந்தச் சத்தம் கூடுகிறது.

கண்ணுக்கும் பின்மண்டைச் சத்தத்துக்கும் என்னங்க சம்பந்தம்?

இதே வார்த்தையோடு ஒருவர் நம்ம ஊர் ஓபிக்கு வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பின்னால் 80 பேர் வரிசையில் நிற்கும்போது "ரெஸ்ட் எடுங்க, சரியாயிடும்" என்று ஒரு மாத்திரையோடு அனுப்பிவிடுவது ரொம்பச் சுலபம். அந்த மாலுமி சொன்னதை ஒருவர் நிறுத்திக் கேட்டார். அதனால்தான் இந்தக் கதை இன்றைக்கும் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு அடிப்படை விஷயம்.

நாம் கண்ணால் பார்க்கிறோம் என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. அச்சகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கண் எடுப்பது நெகட்டிவ் மட்டும், அச்சாவது பின்மண்டையில். கண்ணிலிருந்து கிளம்பும் நரம்புகள் மூளையின் அடியில் வந்து பாதி பாதியாகப் பிரிந்து பக்கம் மாறுகின்றன. உங்களுக்கு இடது பக்கம் தெரிகிற உலகம், அது எந்தக் கண் வழியாக வந்தாலும், வலது பின்மண்டைக்குப் போகும். வலது பக்கத்து உலகம் இடது பின்மண்டைக்கு.

அதனால் ஒரு கண் கெட்டால் அந்தக் கண்ணில் தெரியாது. ஒரு பக்கத்துப் பின்மண்டை கெட்டால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதி போய்விடும். ஹெமியனோபியா என்போம். பாதிப் பார்வை இழப்பு.

இதைச் சரியாக வரைபடம் போட்டது யார் தெரியுமா? ஊனச் சான்றிதழ் எழுத உட்கார்ந்த ஒரு கண் டாக்டர்! 1904-05ல் ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர். அப்போது புதிதாக வந்த துப்பாக்கிகளின் குண்டு சின்னது, வேகம் அதிகம். மண்டையின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் சின்ன ஓட்டை போட்டு வெளியேறிவிடும். பழைய குண்டு பட்டால் ஆளே இருக்க மாட்டார். இதில் பல பேர் பிழைத்தார்கள். கண்ணில் ஒரு காயமும் இல்லை, ஆனால் பார்வையில் ஓட்டை. இவர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்க எவ்வளவு பார்வை போயிருக்கிறது என்று அளக்கும் வேலை தத்சுஜி இனோயே என்ற இளம் ஜப்பானிய டாக்டருக்கு. அவர் அளந்ததோடு நிற்கவில்லை. குண்டு நுழைந்த இடம், வெளியேறிய இடம் இரண்டையும் குறித்துக்கொள்ள ஒரு கருவியே செய்தார். மூளையில் எந்த இடம் அடிபட்டால் பார்வையில் எந்த இடம் போகும் என்று 29 சிப்பாய்களை வைத்துக் கணக்குப் போட்டு 1909ல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். பத்து வருஷத்துக்குள் முதல் உலகப்போர்க் காயங்களை வைத்து லண்டனில் கார்டன் ஹோம்ஸ் இன்னும் நுணுக்கமான படம் போட்டார்.

ஊனச் சான்றிதழ் எழுதுகிற நாட்களில் இனோயேவை நினைத்துக்கொள்வேன். நாங்கள் சதவீதம் போட்டு, சீல் வைத்து, அடுத்த ஆளைக் கூப்பிடுகிறோம். அவர் அதே தாளிலிருந்து மூளையின் வரைபடத்தை எடுத்துவிட்டார்!

சரி, மாலுமிக்கு வருவோம். மருத்துவ இதழில் அவர் பெயர் வால்டர் கே. என்று மட்டும்தான் இருக்கிறது. வயது 26. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஹார்வி குஷிங். மூளை அறுவை சிகிச்சை என்ற துறைக்கே அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர் அவர். ரத்தக்குழாயை மின்சாரத்தால் சுட்டு அடைக்கும் கருவியை மூளை அறுவையில் அவர் முதன்முதலாகப் பயன்படுத்தியது 1926 அக்டோபர் 1. (இதே அக்டோபர் 1ல், 45 வருஷம் கழித்து 1971ல், லண்டனில் முதல் சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டது. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தேதி.)

அப்போது சிடி கிடையாது, எம்ஆர்ஐ கிடையாது. மண்டையைத் திறந்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். குஷிங் திறந்தார். பார்வைக்கான மூளைப் பகுதியின் மேல் ரத்தக்குழாய்கள் சிக்குண்டு துடித்துக்கொண்டிருந்தன.

ஏவிஎம் என்று இன்று சொல்கிறோமே, அந்தத் தமனி-சிரைப் பின்னல். நம்ம ஊர் கண்மாய்க் கணக்கில் சொல்கிறேன். கண்மாயில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. மடை வழியாக வாய்க்காலுக்கு வந்து, வாய்க்காலிலிருந்து வரப்பு வரப்பாகப் பிரிந்து, வயலில் பரவி, வேகம் எல்லாம் அடங்கி, மிச்சம் வடிகாலில் போகும். உடம்பிலும் அப்படித்தான். தமனியின் அழுத்தம் நுண்ணிய குழாய்களில் பரவி அடங்கி, பிறகு சிரையில் மெதுவாக வெளியேறும். ஏவிஎம்மில் நடுவில் வயலே கிடையாது. மடையிலிருந்து நேரே வடிகாலுக்கு உடைப்பு. அந்த அழுத்தத்தைத் தாங்க வடிகால் கரை கட்டப்படவில்லை. அதனால் வீங்கும், நெளியும், ஒருநாள் உடையலாம். பக்கத்து வயலுக்குப் போக வேண்டிய தண்ணீரும் சரியாகப் போகாமல் காயலாம்.

உடைப்பில் தண்ணீர் பாயும்போது இரைச்சல் வருமல்லவா, அதுதான் வால்டர் கேட்டது.

இது பெரும்பாலும் பிறவியிலேயே உருவாகிவிடுவது என்றுதான் ரொம்பக் காலமாக நம்பப்படுகிறது. ஆனால் வெளியே தெரிவது 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில்தான் அதிகம். நன்றாக ஓடியாடி வேலை பார்க்கிற வயது. முதல் அறிகுறி வலிப்பாக இருக்கலாம், ஒரே பக்கத்துத் தலைவலியாக இருக்கலாம், நேரடியாக ரத்தக்கசிவாகவே இருக்கலாம். பின்மண்டையில் இருந்தால் பார்வையில் கை வைக்கும்.

குஷிங்கால் அதை எடுக்க முடியவில்லை. தொட்ட இடமெல்லாம் ரத்தம் என்றால் யாராலும் எடுக்க முடியாது. பின்வாங்கி மூடிவிட்டார். 1928ல் அவரும் பெர்சிவல் பெய்லியும் சேர்ந்து மூளையின் ரத்தக்குழாய்க் கட்டிகளைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார்கள். அதே வருஷம் வால்டர் டேண்டி என்ற இன்னொரு பெரிய சர்ஜனும் தன் அனுபவங்களை எழுதினார் (இவர் வேறு வால்டர், குழப்பிக்க வேண்டாம்). இரண்டையும் படித்தால் கிடைப்பது இதுதான்: கை வைத்தால் ஆபத்து, பெரும்பாலும் விட்டுவிடுவதே நல்லது. தோல்வியை அச்சில் எழுதிவைத்தது பெரிய காரியம் என்பேன். இன்றைக்கு ஜெயித்த ஆபரேஷனின் ரீல்ஸ் மட்டும்தானே வருகிறது.

ஆனால் அந்த ஆபரேஷன் தோற்றதில் எதிர்பாராமல் ஒன்று நடந்தது. பின்மண்டையில் எலும்பு எடுத்த இடம் திறந்தபடியே ஆறியது. எலும்புத் தடை இல்லாததால் உள்ளே ஓடும் ரத்தச் சத்தம் இப்போது வெளியில் இருப்பவருக்கும் தெளிவாகக் கேட்டது.

இங்கே வருகிறார் ஜான் ஃபுல்டன். வயது முப்பதுகூட ஆகவில்லை. இங்கிலாந்தில் ஷெரிங்டனிடம் உடலியங்கியல் படித்துவிட்டு, 1927ல் மருத்துவப் பட்டமும் வாங்கிவிட்டு, குஷிங்கிடம் வந்து சேர்ந்திருந்தவர். கண்ணுக்கு வேலை கொடுத்தால் சத்தம் கூடுது என்று வால்டர் சொன்னதும் ஃபுல்டன் அதைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பினார்.

வால்டரை இருட்டறையில் ரொம்ப நேரம் ஓய்வாக இருக்க வைத்தார். சத்தம் அடங்கியது. பிறகு திடீரென்று கண்ணுக்கு வேலை கொடுத்தார், பேப்பரைப் படிக்கச் சொன்னார். சத்தம் கூடியது. காதால் கேட்டால் மட்டும் போதாது என்று கருவி வைத்துக் கோடாகவும் பதிவு செய்தார்.

அடுத்து செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எல்லா வேலைக்கும் சத்தம் கூடுகிறதா, பார்வைக்கு மட்டுமா? புகையிலையை முகரக் கொடுத்தார், வெனிலாவை முகரக் கொடுத்தார். மாற்றம் இல்லை. தூரத்தில் ஓடும் கடிகாரத்தின் டிக் டிக்கைக் காது கொடுத்துக் கேட்கச் சொன்னார். மாற்றம் இல்லை. சும்மா பேச்சுக் கொடுத்தார். மாற்றம் இல்லை. மூக்குக்கும் காதுக்கும் அசையாத சத்தம் கண்ணுக்கு மட்டும் அசைந்தது.

கண்ணில் வெறுமனே வெளிச்சம் அடித்தால்? அவர் பாட்டுக்குச் சும்மா இருக்கும்போது வெளிச்சம் அடித்தால் சத்தம் கூடவில்லை. கஷ்டப்பட்டு உற்றுப் பார்த்தால்தான், அதாவது தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற ஒன்றைக் கண்டுபிடிக்க முயலும்போதுதான், அதிகமாகக் கூடியது. நம்ம ஊர் தினசரி காலண்டர் தாளில் ராகுகாலம் எமகண்டம் பொடி எழுத்தில் இருக்கும் பாருங்க, அதைக் கண்ணாடி இல்லாமல் படிக்க முயல்வது போல. முழிச்சுப் பார்ப்பது வேறு, கவனிச்சுப் பார்ப்பது வேறு என்று அந்த ரத்த ஓட்டம் காட்டிக்கொடுத்தது.

1928ல் 'பிரெய்ன்' இதழில் ஃபுல்டன் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

இதிலென்ன அதிசயம், வேலை செய்தால் ரத்தம் ஓடத்தானே செய்யும் என்று உங்களுக்குத் தோன்றும். அப்போது அது முடிவாகாத சண்டை. 1880 வாக்கில் இத்தாலியில் ஆஞ்சலோ மொஸோ, மண்டையில் அடிபட்டு எலும்பு போன பெர்டினோ என்ற விவசாயியின் மூளைத் துடிப்பை அளந்தார். மத்தியானம் சர்ச் மணி அடித்ததும் துடிப்பு எகிறியது. பிரார்த்தனை ஞாபகம் வந்ததா என்று கேட்டார், ஆமாம் என்றார். 8ஐ 12ஆல் பெருக்கச் சொன்னார், மறுபடி எகிறியது. 1890ல் ராய், ஷெரிங்டன் இருவரும், மூளை தன் தேவைக்கேற்ப அந்தந்த இடத்தில் ரத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது என்று எழுதினார்கள். ஆறே வருஷத்தில் லெனர்ட் ஹில் என்பவர் அதெல்லாம் இல்லை என்று அடித்துச் சொன்னார். அவர் பேச்சுக்கு அப்போது மதிப்பு அதிகம், அதனால் விஷயம் கிடப்பில் போனது. ஷெரிங்டனின் மாணவர்தான் ஃபுல்டன் என்பதைக் கவனிச்சுக்கோங்க. குரு சொன்னதற்கு ஆதாரம் ஒரு நோயாளி வாயிலிருந்து வந்தது.

ஆனால் உலகம் உடனே கைதட்டவில்லை. ஒரே ஒரு நோயாளி, அதுவும் கோளாறான ரத்தக்குழாய். அதை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும் என்றார்கள். நியாயமான கேள்விதான். ஃபுல்டனும் யேல் போய், சிம்பன்சிகளின் முன்மூளை ஆராய்ச்சி என்று வேறு திசைக்குப் போய்விட்டார்.

அறுபது வருஷம் தாண்டி இந்தக் கதை மறுபடி பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் உள்ள ரத்தமும் ஆக்சிஜன் இழந்த ரத்தமும் காந்தத்துக்கு வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்று 1936லேயே லைனஸ் பாலிங் கண்டுபிடித்திருந்தார். 1990ல் செய்ஜி ஒகாவா அதை எம்ஆர்ஐயில் பிடித்தார். மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அங்கே ரத்தம் கூடுவதைப் படமாகவே பார்க்கலாம். ஃபங்ஷனல் எம்ஆர்ஐ என்கிறார்களே, அதுதான். மனித மூளையில் இதைக் காட்டிய முதல் படங்கள் 1991, 1992ல் வந்தன. அவற்றில் முக்கியமானவை எந்த ஊரிலிருந்து? பாஸ்டன். எந்தப் பகுதி? பின்மண்டை. என்ன வேலை கொடுத்தார்கள்? கண்ணுக்கு முன்னால் வெளிச்சத்தை மினுக்கிக் காட்டினார்கள். வால்டர் தலையில் சத்தமாகக் கேட்டது இப்போது நிறமாகத் திரையில் தெரிந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கு. பின்மண்டை ஏவிஎம்முக்கு ஆபரேஷன் திட்டமிடும்போது, பார்க்கும் பகுதி சரியாக எங்கே என்று தெரிந்துகொள்ள இன்று இதே ஃபங்ஷனல் எம்ஆர்ஐ எடுக்கிறார்கள். ஆனால் ஏவிஎம் பக்கத்தில் ரத்த ஓட்டமே தாறுமாறு என்பதால் அந்தப் படத்தை அப்படியே நம்பிவிட முடியாது. இந்த யோசனைக்கு ஆதாரம் கொடுத்த நோயிடமே அந்த மெஷின் தடுமாறுகிறது.

சிகிச்சைப் பக்கம் என்ன ஆச்சு? வால்டர் கதை நடந்த அதே காலத்தில், 1927ல், போர்ச்சுகலில் எகாஸ் மோனிஸ் கழுத்துத் தமனியில் மருந்து செலுத்தி மூளை ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் பார்த்தார். (நம்ம ஊரில் மருந்து என்றாலே வெடிமருந்து ஞாபகம் வரும். இது அயோடின் கலந்த சாயம்.) இனி மண்டையைத் திறக்காமலே பின்னல் எங்கே, எந்தக் குழாய் ஊட்டுகிறது, எதில் வடிகிறது என்று தெரியும். இன்றைய ஆஞ்சியோவின் தாத்தா. ஆனால் மோனிஸுக்கு 1949ல் நோபல் கிடைத்தது இதற்கல்ல. மனநோயாளிகளின் முன்மூளை நரம்புகளை அறுக்கும் சிகிச்சைக்கு. அந்தச் சிகிச்சை இன்று மருத்துவத்தின் தலைகுனிவு. ஆஞ்சியோ தினமும் உயிர் காப்பாற்றுகிறது. நோபல் கமிட்டிக்கும் சில நாள் கண் மங்கும் போல.

1932ல் ஸ்டாக்ஹோமில் ஒலிவெக்ரோனா ஒரு ஏவிஎம்மை முழுதாக வெளியே எடுத்தார். 1970ல் அதே ஊரில் லெக்செல் குழுவினர் கத்தியே வைக்காமல் கதிர்வீச்சைக் குவித்துச் சுருக்கும் முறையைத் தொடங்கினார்கள். அது முழுதாக அடைய இரண்டு மூன்று வருஷம் ஆகும், அதுவரை உடையும் ஆபத்து இருந்துகொண்டேதான் இருக்கும். தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு உள்ளிருந்தே பசை போல அடைக்கும் முறையும் வந்தது. 1986ல் ஸ்பெட்ஸ்லர், மார்ட்டின் இருவரும் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள். பின்னலின் அளவு, எங்கே வடிகிறது, பேச்சு, கை கால், பார்வை போன்ற முக்கியமான பகுதியில் இருக்கிறதா என்று மூன்று கேள்வி. பின்மண்டைப் பார்வைப் பகுதி என்றால் ஒரு மதிப்பெண் கூடும். இந்தப் பரீட்சையில் மார்க் கூடினால் ஆபத்தும் கூடுகிறது என்று அர்த்தம்.

இன்றைக்கும் எல்லா ஏவிஎம்மிலும் கை வைப்பதில்லை. உடையாத ஏவிஎம்மைத் தொடலாமா, மருந்தோடு விட்டுவிடலாமா என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. விட்டுவிட்டவர்கள்தான் நன்றாக இருக்கிறார்கள் என்று 2013ல் பாதியில் நிறுத்தினார்கள். மூன்று வருஷம்கூடப் பின்தொடரவில்லை, 26 வயசுக்காரருக்கு இன்னும் 40 வருஷம் இருக்கே என்று சர்ஜன்கள் சண்டைக்கு வந்தார்கள். உடையும் வாய்ப்பு வருஷத்துக்கு 2 முதல் 4 சதவீதம் என்பார்கள். ஒரு வருஷத்துக்குச் சின்ன எண்தான், நாற்பது வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்க. இது ஒரு எம்பிபிஎஸ் ஓபியில் முடிவு செய்கிற விஷயம் இல்லை. எங்கள் வேலை, சந்தேகப்பட்டு சரியான இடத்துக்கு அனுப்புவது.

அந்த "சரியான இடம்" நமக்குக் கிடைத்த கதையும் பாஸ்டனைத் தொட்டுத்தான் வருகிறது. குஷிங்கிடம் பயிற்சி எடுத்தவர்களில் ஒருவர் வைல்டர் பென்ஃபீல்ட். கனடாவில் மான்ட்ரியல் நரம்பியல் நிலையத்தைக் கட்டியவர். அவரிடம் போய்ப் படித்துவிட்டு வந்தவர் கேரளத்துக்காரர் ஜேக்கப் சாண்டி. 1949ல் வேலூர் சிஎம்சியில் இந்தியாவின் முதல் மூளை அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த வருஷமே, 1950ல், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி தொடங்கினார். அரசாங்க ஆஸ்பத்திரியில், காசில்லாதவருக்கும் மூளை ஆபரேஷன்! அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இந்த வரியை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. இன்று சிவகாசியிலிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இரண்டு மணி நேரத்துக்குள். விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி.

ஆனால் அங்கே போக முதலில் யாராவது சந்தேகப்பட வேண்டுமே. நம்ம பகுதியில் மாட்டுவது அங்கேதான்.

இங்கே கண் என்றால் எல்லாருக்கும் ஒரே நினைப்பு. மருந்து பட்டது, தூசி, தீப்பொறி. அது நிஜம்தான். வெடிவிபத்தில் கண் போன குடும்பங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அதனாலேயே, வலிக்காமல், சிவக்காமல் பார்வை குறைந்தால் "அலுமினியப் பவுடர் கண்ணுல இறங்கிருச்சு", "ராத்திரி திரி சுத்துனதுல கண்ணு பூத்துப்போச்சு" என்று காரணம் ரெடியாக இருக்கும். நேரே கண்ணாடிக் கடை.

லேபிள் ஒட்டும் வேலை பார்க்கும் ஒரு அக்கா என்னிடம் வந்தார். ஒரே வருஷத்தில் இரண்டு கண்ணாடி மாற்றியாச்சு. "கண்ணு மங்குது சார்" என்றார். சுவரில் இருக்கிற எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படித்துவிட்டார். கண்ணில் ஒரு குறையும் இல்லை. "எப்பக்கா ரொம்பத் தொந்தரவா இருக்கு?" என்று கேட்டதற்கு, "எடது பக்கம் வர்ற ஆள எல்லாம் இடிச்சிடுறேன் சார், நெலக்கதவுல தோள் இடிச்சு இடிச்சு கன்னிப்போச்சு" என்று ஜாக்கெட் கையை ஏற்றிக் காட்டினார். இரண்டு கண்ணிலும் இடது பாதி இல்லை.

அவருக்கு இருந்தது ஏவிஎம் இல்லை. ரொம்ப நாளாகக் கவனிக்காத சர்க்கரை, பிரஷர், அதனால் பின்மண்டையில் எப்போதோ வந்து போன ஸ்ட்ரோக். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இழையைப் படித்துவிட்டு நாளைக்கே பாதிப்பேர் ஸ்கேன் சென்டர் வாசலில் நிற்கக் கூடாது. ஏவிஎம் அபூர்வம், ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இருக்காது. பாதிப் பார்வை போனால் ஸ்ட்ரோக்தான் பெரும்பாலும் காரணம், வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். இளவயதுக்காரருக்கு வந்தால் ஏவிஎம்மையும் நினைக்க வேண்டும். இரண்டையும் பிடிக்கிற முதல் சோதனை ஒன்றேதான். எழுத்துப் பலகையால் பிடிக்க முடியாது. நடுப்பார்வை நன்றாக இருப்பதால் ஆள் 6/6 வாங்கிவிடுவார்.

சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. எதிரெதிரே ஒரு கை தூரத்தில் உட்காருங்க. அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உங்கள் மூக்கையே பார்க்கட்டும், பார்வையை நகர்த்தக் கூடாது. நீங்கள் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு கையில் மட்டும் ஒரு விரலோ இரண்டு விரலோ காட்டி எத்தனை என்று கேளுங்க. இடது, வலது, மேல், கீழ். பிறகு மறு கண். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் விரல் தெரியவில்லை என்றால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீங்க, ஆஸ்பத்திரிக்கு வாங்க. "கண்ணு மங்குது" என்று மட்டும் சொல்லாமல் "ஒரு பக்கம் தெரியல" என்று சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தை எங்களுக்குப் போதும்.

பட்டாசு ஆலையில் வேலை என்றால் இது இன்னும் அவசரம். இடது பாதி தெரியாத ஆளுக்கு இடது பக்கம் கொட்டிக்கிடக்கிற மருந்தும் தெரியாது, அந்தப் பக்கம் வருகிற தள்ளுவண்டியும் தெரியாது. அதைவிடப் பெரிய கஷ்டம், பாதி தெரியவில்லை என்பதே பல பேருக்குத் தெரியாது. அந்த இடம் கறுப்பாகத் தெரியும் என்று நினைப்போம். இல்லை. உங்கள் தலைக்குப் பின்னால் இருப்பது இப்போது உங்களுக்குக் கறுப்பாகவா தெரிகிறது? ஒன்றுமே தெரியவில்லை அல்லவா, அப்படித்தான். போர்மேன் அண்ணாச்சிகள் யாராவது வாசித்தால், அடிக்கடி ஒரே பக்கம் இடித்துக்கொள்கிற ஆளை "பராக்குப் பாக்குறான்" என்று திட்டுவதற்கு முன்னால் இந்த விரல் சோதனையைச் செய்து பாருங்க.

ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பயப்பட வேண்டாம். வலி வருவதற்கு முன் கண் முன்னால் வளைந்து நெளிந்து மின்னுவது, 20 நிமிஷம் அரைமணி நேரத்தில் மறைவது, ஒருமுறை இடது, ஒருமுறை வலது என்று மாறுவது, இதெல்லாம் மைக்ரேனில் சாதாரணம். ஆனால் மின்னல் எப்போதும் ஒரே பக்கம், வலி எப்போதும் அதே இடம், கூடவே வலிப்பு என்றால் அடுத்த ஓபிக்கே வாங்க. வாழ்க்கையில் இதுவரை வராத மாதிரி, தலையில் இடி விழுந்தாற்போல் வலி, வாந்தி, பார்வை போவது என்றால் ஓபி நேரம் எல்லாம் பார்க்காதீங்க. உடனே 108.

காதில் சும்மா "ங்ஙொய்" என்று கேட்பது வேறு. வெடிச் சத்தத்தில் வேலை பார்க்கிற பல பேருக்கு அது உண்டு, அது காதுக் கோளாறு. நாடியோடு சேர்ந்து, துடிப்புக்கு ஒரு தடவை உஸ் உஸ் என்று கேட்டால் மட்டும் தனியாகச் சொல்லுங்க. நான் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து உங்கள் பின்மண்டையில் வைப்பேன். மூடிய கண்ணின் மேலும் வைப்பேன். சிரிக்காதீங்க. படிக்கும்போது சத்தம் கூடுதா என்றும் கேட்பேன்.